எட்டாம் இலக்கத்திலிருந்து இரண்டாம் இலக்கத்துக்கு

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற பாடசாலையில், நான் விட்டுவந்த பொறுப்பை அவருடைய தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"மிஸ், என்னை றகருக்குப் பொறுப்பாப் போட்டிட்டினம். பந்து முட்டை மாதிரி இருக்கும் எண்டதைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது. கழகக்காரர் வேற கேற்றடியில வந்து நிண்டு பெடியளின்ர நம்பர் கேக்கினம். நான் என்ன செய்யிறது?" அழாக்குறையாகத்தான் கேட்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முட்டை மாதிரி எண்டாவது தெரிஞ்சு வச்சிருக்கிறீர், பிள்ளை. நான் அதுவும் தெரியாமத்தான் போனனான்" என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் இரசாயனவியல் ஆசிரியை. பிறந்தது யாழ்ப்பாணம், கல்யாணம் முடித்து வந்தது வெள்ளவத்தை. எங்கள் பாடசாலைகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவருக்கு அந்த விளையாட்டு தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. றகர் என்று நாங்கள் சொல்லும் றக்பிக்குப் பொறுப்பாக இருந்தவர் மாற்றலாகிப் போனதும், "யார் எடுக்கிறீங்கள்?" என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் தும்மினேன். அதிபர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "எலும்பு டாக்குத்தர் ஒருத்தரை முதலில பழக்கம் பிடிச்சு வையும்" என்றார் மனுசன். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை.

ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஸ் ஒழுங்கு செய்தேன், ஐஸ் பெட்டி தூக்கினேன், மாலை ரியூசனுக்குப் போக வேண்டிய பிள்ளையை மைதானத்தில் பிடித்து வைத்திருப்பதாகப் பெற்றோரிடம் பேச்சு வாங்கினேன். மாணவர்கள் சோக்குத் துண்டுகளை மேசையில் அடுக்கி இரண்டு அணியிலும் எவ்வெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மை எனக்குச் சொல்லித் தந்தார்கள். மூன்றாம் வருடம் மத்தியஸ்தரோடு வாக்குவாதப்படும் அளவுக்குத் தேறிவிட்டேன். அதற்குப் பிறகு என்னை எவராலும் அந்த மைதானத்திலிருந்து கிளப்ப முடியவில்லை.

எங்கள் தலைமைப் பயிற்றுநர் ரணவீர சேர். பாடசாலை ஒழுங்கின்படி நான் அவருக்கு மேல். மைதானத்துக்குள் கால் வைத்தால் அவர்தான் எனக்கு மேல். ஆள் கட்டை, கழுத்தே கிடையாது, இரண்டு காதுகளும் நசுங்கிப் போயிருக்கும். அந்த உருவத்தைப் பார்த்தால் கர்ஜிப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவரோ கோயிலுக்குள் கதைப்பது போல மெதுவாகத்தான் கதைப்பார். அவர் சொல்வது கேட்க வேண்டுமானால் பதினைந்து பேரும் கிட்டப் போய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "சேர், கொஞ்சம் சத்தமாச் சொன்னா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "சத்தமா சொன்னா தூர நிண்டு கேப்பாங்க மிஸ்" என்றார் தன்னுடைய உடைந்த தமிழில்.

அவர் வாயிலிருந்து "நல்லது" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பிழை விட்டாலும் "ஆயெத்", சரியாகச் செய்தாலும் "ஆயெத்". திரும்பவும் செய் என்பதற்குச் சிங்களம். பெடியன்கள் கனவிலும் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள்.

பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு முதல் மாதம் அவர் பந்தையே காட்டமாட்டார். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். ஈர மணலில் எதிரெதிரே முழங்காலில் நிற்கவைத்து, ஒருவனை ஒருவன் பிடித்து விழுத்தச் சொல்வார். முழங்காலில் நிற்பவன் விழுந்தால் நோகாது, பயமும் தெளிந்துவிடும். பிறகு ஒரு காலை ஊன்றி, பிறகு எழுந்து நின்று, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடிவந்து விழுத்துவது. அவருடைய கண் முழுக்கத் தலை எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் இருக்கும். பிடிக்கிறவனின் கன்னம், பிடிபடுகிறவனின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். முன்பக்கம் தலையைக் கொடுத்தால் அவனுடைய முழங்கால் வந்து மண்டையில் இடிக்கும். பெடியன்கள் கூச்சத்தில் நெளிவார்கள். நெளிந்தவனுக்கும் "ஆயெத்" தான்.

இப்படி ஆறேழு வருடம் அவர் கையில் உருண்டு வருகிறவனைத்தான் கழகங்கள் கடைசியில் வந்து பார்க்கின்றன. எடுத்தால் ஒப்பந்தம், சம்பளம், சில வேளை ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைக்கும். ஆனால் பாடசாலைக்கு வேண்டியது இந்த வருடக் கிண்ணம். கழகத்துக்கு வேண்டியது பத்து வருடம் விளையாடக்கூடிய ஆள். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குகிறவன் பெடியன். அன்டனின் கதையில் இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்டன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பா மரியதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அம்மா ஸ்டெல்லா வீட்டில் தையல் வேலை செய்தார். பதினான்கு வயதிலேயே அன்டன் மீசையும் தோளுமாக வளர்ந்துவிட்டான். ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் எட்டாம் இலக்கக்காரன் அவன்தான். பந்தை அள்ளிக்கொண்டு அவன் ஓடினால் எதிரணிச் சின்னப் பெடியன்கள் நாலு பக்கமும் சிதறுவார்கள். அவர்களுடைய கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ரை போட்டுவிட்டுத்தான் நிற்பான். பத்திரிகையில் படம் வரும். மரியதாஸ் அதை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்கக் காட்டித் திரிவார்.

பெடியனுக்குப் படிப்பு ஏறவில்லை. எவ்வளவு முயன்றும் இரசாயனவியலில் என்னாலேயே அவனைக் கரைசேர்க்க முடியவில்லை என்றால் பாருங்களேன். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், றக்பி விளையாடிச் சம்பாதிக்க வேண்டும். வீட்டிலோ வேறு ஏற்பாடு இருந்தது. ஸ்டெல்லாவின் அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறவர், அவனுக்கு ஒரு விசா பார்த்து வைத்திருந்தார். கடைசிப் பருவம் முடிவதற்குள் ஏதாவதொரு கழகம் அவனைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிளேன் ஏற வேண்டியதுதான்.

அந்தக் கடைசிப் பருவம் தொடங்குமுன் ஒரு மாலை, ரணவீர சேர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், இந்தப் பொடியன் எட்டு இல்ல. இவன் ரெண்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் இலக்கம் என்றால் ஹூக்கர். ஸ்க்ரம்மின் முன்வரிசையில், இரண்டு தடியன்களின் தோளில் கைபோட்டு நடுவில் நிற்கிறவன். அவனுடைய முகம்கூட வெளியே தெரியாது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் அதை உள்ளே எறிவதும் அவன் வேலை.

"சேர், உங்களுக்கு என்ன நடந்தது? எங்கட முழு ரீமும் அவன்ர காலிலதானே நிக்குது!"

"பதினாலு வயசுல இருந்த உயரம்தான் இப்பயும் இருக்கான். மத்தவன் எல்லாம் வளர்ந்திட்டான். கழகத்துல எட்டு எல்லாம் ஆறடிக்கு மேல. இவன எட்டுன்னு ஒருத்தனும் எடுக்கமாட்டான். ரெண்டுன்னா எடுப்பான்."

"பிறகு இந்த வருசம் எங்களுக்கு ஆர் ரை போடுறது?"

"தோப்போம்" என்றார். நாளைக்கு மழை என்று சொல்லும் குரலில் சொன்னார்.

தோற்கத்தான் செய்தோம். விடுமுறை முழுக்க அன்டனின் கழுத்தைப் பலப்படுத்தி, பருவம் தொடங்கியதும் இரண்டாம் இலக்கச் சட்டையைப் போட்டுவிட்டார். ஸ்க்ரம்மில் சமாளித்தான். எறிவதில்தான் மானம் போனது. கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிவதை லைன் அவுட் என்பார்கள். இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். நடுவால் நேராக எறிய வேண்டும். ஒவ்வோர் அணியிலும் ஒருவனை இரண்டு பேர் தூக்கிப் பிடிப்பார்கள், அவன் அந்தரத்தில் பந்தைப் பிடிப்பான். அன்டன் எறிந்தால் பந்து எதிரணிக்குப் போகும், இல்லையென்றால் எல்லோருக்கும் மேலால் போகும், ஒருநாள் மத்தியஸ்தரின் முதுகில் போய் விழுந்தது. பழைய மாணவர்கள் தொலைபேசியில் எடுத்து என்னைக் காய்ச்சினார்கள். அன்டன் என்னைக் கண்டால் வேறு பாதையால் போனான். மரியதாஸ் போட்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு ஓட்டோ பிடித்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர்கள் இருந்தது பழைய மாடி வீடொன்றின் முதலாம் மாடி. படியேறிப் போனால் முன்வாசல் திறந்து கிடக்கிறது, மரியதாஸ் பனியனோடு கதிரையில் உம்மென்று இருக்கிறார், ஸ்டெல்லா பல்கனியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறார்.

"வாங்க மிஸ், வாங்க, உக்காருங்க. ஒரு நிமிஷம், பந்து வருது!"

கீழேயிருந்து ஒரு றக்பிப் பந்து எழும்பி வந்து அவருடைய கையில் பட்டு நழுவிப் பூச்சட்டியைக் கவிழ்த்தது. எட்டிப் பார்த்தேன். கீழே முற்றத்தில் அன்டன்.

"தூக்கிப் பிடிக்கிற உயரமும் எங்கட பல்கனி உயரமும் ஒண்ணாம். டெய்லி இதான் மிஸ். தைக்கிற துணியெல்லாம் அப்படியே கிடக்குது" என்றார் ஸ்டெல்லா, முகம் முழுக்கச் சிரிப்பாக.

நான் மரியதாஸிடம் விசயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"மிஸ், நான் படிக்காதவன். ஆனா ஒண்டு கேக்கிறன். என்ட பிள்ளை ஓடினா முழு கிரவுண்டும் எழும்பி நிண்டிச்சு. இப்ப அவன ரெண்டு எருமைக்கு நடுவுல கொண்டுபோய்த் தொங்க விட்டிட்டீங்க. பேப்பர்ல படம் வந்திச்சு போன கிழமை, பாத்தீங்களா? அவன்ட குண்டி மட்டுந்தான் தெரியுது. அதையா நான் பர்ஸுல வைக்கிறது?"

சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. அந்த நேரம் பார்த்து அடுத்த பந்து வந்தது. ஸ்டெல்லா பாய்ந்தார், தவறவிட்டார், பந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரத்தை இழுத்துக்கொண்டு கீழே போனது. பக்கத்து வீட்டுக்காரி கத்தத் தொடங்கினார். மரியதாஸ் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அடியேய், தள்ளு! பாத்துக்கொண்டிருக்க ஏலாமக் கிடக்கு. கைய இப்பிடி வச்சா பந்து நிக்குமா?" என்று மனைவியை விலக்கிவிட்டுப் பல்கனியில் போய் நின்றார். கீழே பார்த்துக் கத்தினார்: "எறியடா!"

அன்டன் கீழே அப்படியே நின்றுவிட்டான். பிறகு எறிந்தான். அப்பா பிடித்தார். திருப்பிப் போட்டார். மறுபடியும் எறிந்தான். நான் தேநீர் குடித்து முடித்து வெளிக்கிடும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை, என்னை வழியனுப்பவும் எவருமில்லை. ஓட்டோவில் ஏறி இருந்ததும் எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவ்வளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு பந்து நேராகப் போகத் தொடங்கியது. பந்து எந்த இடத்துக்கு வரும் என்பதை எதிரணிக்குத் தெரியாமல் சொல்ல லைன் அவுட்டுக்கு ஒரு இரகசியப் பாஷை வேண்டும். எங்கள் அணியில் மூன்று இனத்துப் பெடியன்களும் இருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் போய் விழுகிற இடம் வெள்ளவத்தைச் சைவக்கடை. ஆகவே அவர்களே முடிவெடுத்தார்கள்: வரிசையின் முன்னால் எறிந்தால் இட்லி, நடுவுக்குத் தோசை, கடைசிக்கு வடை. எதிரே வந்த பாடசாலைகளில் ஒருவனுக்கும் தமிழ் விளங்கவில்லை. அணித்தலைவன் ருவன் சிங்களப் பிள்ளை, அவன் தொண்டை கிழிய "தோசை!" என்று கத்துவதைக் கேட்க எனக்குப் பெருமை தாங்காது.

பருவக் கடைசியில், பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் சேர்ந்து ஆடும் அழைப்புப் போட்டி வந்தது. அதற்குப் பெரிய கழகமொன்றின் தெரிவாளர் வருகிறார், ஒரு இளம் ஹூக்கர் தேடுகிறார் என்று கதை அடிபட்டது. அன்டனின் கடைசிச் சந்தர்ப்பம் இதுதான். கட்டார் விசாவும் வந்துவிட்டிருந்தது. எங்களுக்கு எதிரே வந்தது துறைமுகப் பக்கத்து இளைஞர் கழகம் ஒன்று. கொட்டாஞ்சேனைப் பெடியன்கள், பாதிப் பேர் தமிழ். பார்க்க வந்த கூட்டமும் கொட்டாஞ்சேனைக் கூட்டம். அப்போதும் எங்கள் ஒருவருக்கும் மண்டையில் ஓடவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்த அன்டனுக்கே ஓடவில்லை என்றால் என்ன சொல்ல!

முதல் லைன் அவுட். அன்டன் பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு "தோசை!" என்றான். எதிரணி ஒரு கணம் முழித்தது. பிறகு முழு வரிசையும் வாய்விட்டுச் சிரித்தது. அவர்களுடைய உயரக்காரன் பிரதீப், அன்டனின் பக்கத்து வீட்டுப் பெடியன், நடுவில் எழும்பிப் பந்தைப் பறித்துக்கொண்டான். அடுத்தது "வடை!" அதையும் பறித்தான்.

"டேய் அன்டன், பார்சலா, இங்கயே சாப்பிடுறதா?" என்று பிரதீப் கேட்டான்.

கூட்டத்திலிருந்து ஒருத்தர் "சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்க தம்பி!" என்றார். மைதானமே உருண்டு சிரித்தது. தொப்பி போட்ட தெரிவாளர் மட்டும் சிரிக்காமல் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பெடியன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கதைத்தார்கள். ருவன் சிங்களத்தில் சொல்வோம் என்றான். அவர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் என்றான் இன்னொருவன். கப்பல்காரரோடு புழங்குகிற ஆட்களுக்கு அதுவும் தெரியும். கொட்டாஞ்சேனைக்காரனுக்கு ஒளித்து இந்த நாட்டில் ஒரு மொழியிலும் இரகசியம் கதைக்க முடியாது! அன்டன் தலையைக் குனிந்தபடி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ரணவீர சேர் வாய் திறந்தார். எல்லோரும் கிட்டப் போனோம்.

"பெரிய மெச்சுல எல்லாம் வீடியோ இருக்கு. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியட்டும். நீ சத்தமா சொல்லு. சொன்ன இடத்துக்கே போடு. எந்த இடம்னு அவங்களுக்குத் தெரியும். எந்த நேரம்னு தெரியாது. நம்ம ஆள் கால எடுத்தா உடனே எறி. அவங்க ஏற முந்தி பந்து அங்க இருக்கோணும்."

"சேர், பிழைச்சா?" என்றான் அன்டன்.

"பிழைச்சா கட்டார் போ" என்றார்.

ஐயோ, அந்த நேரத்தில் பெடியனிடம் இப்படியா சொல்வது! அவரை அடிக்கலாம் போல எனக்கு வந்தது. ஆனால் அன்டன் எழும்பிவிட்டான். முகம் மாறியிருந்தது.

இரண்டாம் பாதியில் முதல் லைன் அவுட். "இட்லி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். பிரதீப் முன்னால் ஓடினான். எங்கள் ஆள் மேலே போனதும் பந்து அவன் கையில் போய் இறங்கியதும் ஒரே கணம். பிரதீப் எழும்பும்போது அங்கே காற்றுத்தான் இருந்தது. அடுத்தது "தோசை!" அதுவும் எங்களுக்கு. அதற்கடுத்ததும் எங்களுக்கு. கூட்டத்தின் பகிடி மெல்ல வேறு விதமாகியது. அன்டன் பந்தைத் தூக்கியதும் அவர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். எதிரணியின் கூட்டம் எங்கள் பெடியனுக்காகக் கத்துகிறது!

கடைசி நிமிடங்களில் அவர்களுடைய கோட்டுக்குக் கிட்ட ஒரு லைன் அவுட். கடற்காற்று குறுக்கே அடித்தது. அன்டன் ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்தான். கொட்டாஞ்சேனைக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் தனியாக வந்தது: "வடை போடுடா மகன்! வடை!" மரியதாஸ்தான். வேலை உடுப்போடு, சொந்த ஊர்க்காரருக்கு நடுவில் நின்று, ஊர்க் கழகத்துக்கு எதிராக எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்.

"வடை!" என்றான் அன்டன். எல்லாவற்றிலும் தூரமான, எல்லாவற்றிலும் கடினமான எறி அது. பந்து எழும்பியது, பல்கனிக்கு எறிந்து பழகிய பந்து, காற்றில் ஒரு சாணும் விலகாமல் கடைசி ஆளின் விரலில் போய் நின்றது. ஸ்க்ரம்காரர் எட்டுப் பேரும் அவனைச் சுற்றிக் கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தார்கள். ரை! நான் ஐஸ் பெட்டிக்கு மேல் ஏறி நின்று குதித்தேன், சேலை கிழிந்தது, யாருக்குக் கவலை.

மேலதிகப் புள்ளிக்கான உதை கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரு புள்ளியால் தோற்றோம். ஆனால் எங்கள் பெடியன்களையும் பார்த்தேன், அவர்களையும் பார்த்தேன், எல்லோரும் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிக்காரர் கச்சான் கோதைத் தட்டிவிட்டு இறங்கி வந்தார். எத்தனை வருடமாக ஹூக்கர் என்று சிங்களத்தில் கேட்டார். இந்தப் பருவம்தான் சேர் என்று அன்டன் சொன்னான். அவர் திரும்பி ரணவீர சேரைப் பார்த்தார். சேர் தன்னுடைய நசுங்கிய காதைச் சொறிந்தார். திங்கட்கிழமை கழகத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார் தொப்பிக்காரர், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றார்.

அன்டன் அப்படியே புல்லில் குந்திவிட்டான். கூட்டத்திலிருந்து ஓடிவந்த ஸ்டெல்லா அவனுடைய சேற்றுத் தலையை மடியில் பிடித்து வைத்துக்கொண்டு அழுதார். மரியதாஸ் தொலைபேசியை எடுத்துக் கட்டாருக்கு அழைத்தார்.

"மச்சான், அந்த விசாவ வேற யாருக்காவது குடு. பிள்ளைக்கு இங்கயே வேலை கிடைச்சிட்டுது... ஓம், நல்ல வேலைதான்... என்ன வேலையா?"

ஸ்டெல்லா தொலைபேசியைப் பிடுங்கினார்.

"அண்ணா, பந்து எறியிறதுக்குச் சம்பளமாம் அண்ணா! என்ட பிள்ளை பந்து எறியிறதுக்குச் சம்பளம்!"